மில்லுக்கு ஒரு கர்ப்பிணி தேவை

பிரசவத்துக்குப் போகும் தொழிலாளிப் பெண்ணுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் சென்னையில் பிறந்து வெகு வருஷம் ஆகியிருந்தது. ஓசூருக்கு அது நடந்தே வந்திருக்க வேண்டும். தளி ரோட்டிலிருந்த நாராயண விலாஸ் பட்டு மில்லுக்கு அது வந்து சேர்ந்தது 1954-ல். வந்ததும் முதல் காரியமாகச் சரசம்மாவின் வேலையைப் பறித்தது.

சட்டம் வருவதற்கு முன்னால் அந்த மில்லில் பெண்கள் பிள்ளை பெறுவதை யாரும் கவனித்ததில்லை. கொதிநீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வெந்த பட்டுக்கூட்டிலிருந்து இழை எடுப்பார்கள். வலி கண்டால் வீட்டுக்குப் போவார்கள். உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்ததும் திரும்பி வந்து அதே தொட்டியில் உட்காருவார்கள். மில் அவர்களுக்கு ஒன்றும் கொடுத்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை. கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன பிறகுதான் முதலாளி நாராயணப்பன் தம் தொழிலாளிகளின் வயிற்றை முதல்முறையாகப் பார்த்தார். அடடா, இத்தனை செலவு மில்லுக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறதே என்று அவருக்குத் திக்கென்றது.

நாராயணப்பன் மல்பெரித் தோட்டம் வைத்திருந்த பெரிய விவசாயி. மில் கட்டிய பிறகு 'தொழிற் சிற்பி' என்று தமக்குத் தாமே பட்டம் கொடுத்து, அதைக் கடிதத் தாளின் தலைப்பில் அச்சடித்துக்கொண்டார். அவருக்கு யோசனை சொல்வதற்காகக் கோயம்புத்தூர் பஞ்சு மில்லிலிருந்து வந்தவர் மேனேஜர் மாரிசாமி.

"டாக்டரைக் கூட்டியாந்து பாக்கறதுன்னா ஏகப்பட்ட செலவாகுமுங்க. கற்பூரம் ஓரணாவுக்குக் கெடைக்குதுங்க" என்றார் மாரிசாமி.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. மில் வளாகத்துக்குள் முதலாளி கட்டிய சின்ன மாரியம்மன் கோயில் உண்டு. சம்பள நாளன்று பெண்கள் வரிசையாக அங்கே போக வேண்டும். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றுவார். ஒவ்வொருத்தியும் "என் வயித்துல ஒண்ணுமில்ல" என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். அணைத்த கைக்குத்தான் சம்பளம். அணைக்காதவள் 'தானாக நின்றவள்' ஆவாள்.

முதல் மாசம் சரசம்மா மட்டும் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நாலு மாசம்ங்க. அம்மா மின்னாடி பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். மாரிசாமி அவளுடைய நேர்மையை வெகுவாகப் புகழ்ந்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணைப் பார்ப்பது அபூர்வம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொல்லிவிட்டு அவளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். இப்போது அவள் கிருஷ்ணகிரி ரோட்டில் ஜல்லி உடைக்கிறாள்.

அதற்கப்புறம் அந்த மில்லில் நேர்மையான பெண் யாரும் இருக்கவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. தொட்டிக்காரி முனிலட்சுமி, வயிற்றுப் பிள்ளையோடு மூன்று சம்பள நாள் கற்பூரம் அணைத்துவிட்டாள். முதல் தடவை அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது; மாசக்கணக்கில் நாள் தள்ளிப்போவது அவளுக்கு வழக்கம்தான். அதனால் அது பொய்யில் சேராது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாம் தடவை நன்றாகத் தெரியும். மூன்றாம் தடவை கையை நெருப்பின்மேல் வைக்கும்போது வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தரம் புரண்டது. அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள், அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது போல.

அவளுடைய முதல் பிள்ளை தங்கவில்லை. புருஷன் ராமப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். ஞாபகம் வந்தால் பணம் அனுப்புவான். வீட்டில் அடுப்பு எரிந்தது இந்தத் தொட்டித் தண்ணீர் கொதித்ததால்தான். வேலை போனால் அவளுக்கும் ஜல்லிதான். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அம்மனிடம் பொய் சொன்னால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை நினைக்கவே அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனால் அந்த நினைப்பு அவளைக் கேட்டுக்கொண்டா வந்தது? தூக்கத்தில் வந்தது. பிறந்த பிள்ளையின் கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை கரிக்கட்டையாக இருக்கும். விழித்ததும் வயிற்றின்மேல் கையை வைப்பாள். உடனே எடுத்துவிடுவாள். அதே கைதானே.

வேலைசெய்யும்போது வெந்நீர் தெறிக்காமலிருக்க எல்லோரும் இடுப்பில் கோணிச் சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். முனிலட்சுமி இரண்டு சாக்கு கட்டினாள். வெந்த புழுவின் நாற்றம் அடிவயிற்றிலிருந்து குமட்டலைக் கிளப்பும். பல்லைக் கடித்து விழுங்குவாள். மாரிசாமியின் பூட்ஸ் சத்தம் பின்னால் வந்து நின்றால், சத்தம் நகரும்வரை மூச்சை உள்ளிழுத்து வைத்திருப்பாள். ஆறாம் மாசத்தில் வயிற்றை உள்ளிழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மாரிசாமிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்கும் தொப்பை உண்டு என்றாலும் அதை யாரும் சத்தியம் பண்ணச் சொல்லவில்லை.

பங்குனி மாசம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொழிற்சாலைகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டரம்மா எழுதியிருந்தாள். 'தங்கள் ஆலையில் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்கிறார்கள். மூன்று வருஷமாக ஒருத்திக்குக்கூடப் பிரசவ உதவி கொடுக்கப்படவில்லை. இது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை நேரில் வந்து தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.'

நாராயணப்பன் அதைப் பாராட்டுக் கடிதம் என்று எடுத்துக்கொண்டார். வருவோர் போவோருக்கெல்லாம் படித்துக் காட்டினார். "மெட்ராஸ்ல இருந்து ஆச்சரியப்படறாங்க!" என்றார். கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட ஆள் அனுப்பும் நேரத்தில் கிருஷ்ணகிரி வக்கீல் வந்து காரியத்தைக் கெடுத்தார். இது பாராட்டு இல்லை, கேஸ் போடுவதற்கு முன்னால் எழுதும் மரியாதைக் கடிதம் என்று விளக்கினார்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டார்.

"மாரிசாமி, வெள்ளிக்கெழமைக்குள்ள நமக்கு ஒரு கர்ப்பிணி வேணும்."

"இப்பத்தானுங்களே எல்லாத்தையும் இல்லாம பண்ணி வெச்சிருக்கறோம்?"

"பண்ணது நீதானே? நீயே கண்டுபிடி. மேடை போட்டு, இன்ஸ்பெக்டரம்மா கையால அவளுக்கு லீவுச் சம்பளம் குடுக்கணும். நாதஸ்வரம் வை. போட்டோக்காரனையும் சொல்லிடு."

அன்று மத்தியானம் எல்லாப் பெண்களையும் முற்றத்தில் நிறுத்தினார்கள். நாராயணப்பன் நாற்காலிமேல் ஏறினார். மாத்ரு தேவதையைப் பற்றியும், பாரத தேசத்தைப் பற்றியும், பட்டுப்பூச்சியே ஒரு தாய் என்பது பற்றியும் பேசினார். பட்டுப்பூச்சி தாயாவதற்கு முன்னாலேயே அதைக் கொதிதண்ணீரில் போடுகிற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆகையினாலே, உங்கள்ல கர்ப்பமா இருக்கற தாய்மார் பயப்படாம மின்னால வரலாம். லீவு உண்டு, சம்பளம் உண்டு. மேடையில சேலை, வெத்தலபாக்கு!"

பாய்லர் மட்டும் பெருமூச்சு விட்டது.

முனிலட்சுமி இடுப்புச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கெம்பம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கெம்பம்மா அடுத்த தொட்டிக்காரி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது.

"எலிக்கு வடை வெக்கறாங்கடி" என்றாள் கெம்பம்மா உதட்டை அசைக்காமல். "சும்மனிரு. மூக்க நீட்டாத."

யாரும் நகரவில்லை. முதலாளி இறங்கும்போது நாற்காலி ஆடியது. மாரிசாமி தாங்கிப் பிடித்தார்.

மறுநாள் மாரிசாமி விஞ்ஞான முறைக்கு வந்தார். சாப்பாட்டு நேரத்தில் முற்றத்தின் நடுவில் ஒரு கூடை மாங்காயும் ஒரு கிண்ணம் உப்பும் மிளகாய்ப்பொடியும் வைத்தார். தூணுக்குப் பின்னால் நின்று, எந்தக் கை முதலில் நீளுகிறது என்று பார்த்தார். மாங்காய் பிஞ்சாக, பச்சைப் பசேலென்று இருந்தது. மற்ற நாளெல்லாம் மரத்தடியில் பொறுக்கித் தின்னும் பெண்கள் அன்றைக்குக் கூடையில் பாம்பு இருப்பது போல ஒதுங்கிப் போனார்கள். முனிலட்சுமியின் வாயில் எச்சில் ஊறி ஊறித் தொண்டை வலித்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேழ்வரகுக் களியை முழுங்கினாள். சாயந்திரம் கூடையை மாரிசாமியே வீட்டுக்கு எடுத்துப்போனார்.

பிறகு அவர் சரசம்மாவைத் தேடி ஜல்லி உடைக்கிற இடத்துக்கே போனார். மறுபடியும் வேலைக்கு வா, பழைய பிள்ளைக்கு இப்போது பணம் தருகிறோம் என்றார். "நான்தான் தானா நின்னுட்டேனே சார்" என்று சொல்லிவிட்டு அவள் சுத்தியலை ஓங்கினாள். கல்லைத்தான் அடித்தாள். ஆனாலும் மாரிசாமி இரண்டடி பின்னால் போய்த்தான் திரும்பினார்.

புதன்கிழமை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. தொட்டிகளுக்கு நடுவே வந்து நின்று கத்தினார்.

"வெள்ளிக்கெழம ஒருத்தியாவது வர்லீன்னா மில்லையே தூக்கி அத்திப்பள்ளிக்கு அந்தாண்ட வெச்சிடுவேன். மைசூர் ராஜ்யம். இந்த எழவெல்லாம் அங்க கெடையாது. அப்புறம் நீங்க அத்தன பேரும் கல்லொடைக்கப் போலாம்!"

அவர் போன பிறகு ஒருத்தியும் பேசவில்லை. அதற்குப் பதிலாகப் பார்த்தார்கள். முதலில் ஒரு தலை திரும்பியது, பிறகு இன்னொன்று. முனிலட்சுமி தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் முதுகில் ஒவ்வொரு பார்வையும் சுடுவது தெரிந்தது. இதுவரை அவளுக்கு மேனேஜரிடம் பயம், அம்மனிடம் பயம். இவர்களிடம் பயப்பட வேண்டிவரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"எல்லாருக்கும் தெரியுமாக்கா?" என்றாள் மெதுவாக.

"ரெண்டு சாக்கு கட்டிகினு ஒக்காந்தா தெரியாதா?" என்றாள் கெம்பம்மா. "மூணு மாசமா தெரியும். சொல்லணும்னா எவளாவது அன்னிக்கே சொல்லியிருப்பா."

"அப்போ வேல போவாது. இப்போ எல்லாருக்கும் போவுதே."

கெம்பம்மா கூட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் போயி சொல்லிடட்டுமா?"

"சொன்னா? வெள்ளிக்கெழம மாலை போடுவான். சனிக்கெழம, மூணு வாட்டி பொய் சத்தியம் பண்ணவளாச்சேன்னு வெளிய தள்ளுவான். சட்டத்துல பொய் சொன்னவளுக்கு லீவு உண்டா இல்லையா, எனக்கென்ன தெரியும்?"

"சட்டம் கெடக்கட்டும். அம்மன்?"

"அதான் பெரிசு" என்று கெம்பம்மா ஒத்துக்கொண்டாள்.

மாரிசாமி அந்தப் பக்கம் வந்தபோது கெம்பம்மாவால் வாயை அடக்க முடியவில்லை. "சார், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அம்மன் மின்னாடி இல்லேன்னு கற்பூரம் அணைச்சவ, இன்னிக்கி ஆமான்னு எப்படி வருவா? நாக்கு அழுகிடாதா?"

மாரிசாமி நின்றுவிட்டார். அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. இத்தனை நாளாக ஏன் ஒருத்தியும் வரவில்லை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததாக நினைத்தார். சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய சத்தியத்தைச் சத்தமில்லாமல் கலைத்துவிட்டால் ஆயிற்று.

நேராகப் பூசாரியிடம் போனார். பூசாரி மில் சம்பளத்தில் இருப்பவர். அம்மன் எதற்கெல்லாம் கோபப்படுவாள், எதற்கெல்லாம் இறங்கிவருவாள் என்பதை மேனேஜரின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். பொய்ச் சத்தியம் பண்ணியவள் வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, அம்மன் முன்னால் ஒரு தேங்காய் உடைத்தால் தோஷம் கழியும் என்றார். மாரிசாமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எவள் தேங்காய் உடைக்கிறாளோ அவள்தான் கர்ப்பிணி. டாக்டர் வேண்டாம், மாங்காய் வேண்டாம். கம்பெனி செலவில் பத்துக் காய் வாங்கிப் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முன்வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. 'தாய்க்குலத்தைப் போற்றும் ஆலை' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர்கள் கார் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி ரோஜா மாலையோடு அங்கே நின்றார். பின்கட்டில், கோயிலுக்கு முன்னால், மாரிசாமி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்.

முனிலட்சுமி இரவு முழுக்கத் தூங்கவில்லை. உடைத்தால் மாட்டிக்கொள்வாள். உடைக்காவிட்டால் மூன்று பொய்யும் பிள்ளைமேல் நிற்கும். எது பெரிய பயம் என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை. கால்கள் கடைசி வரிசையில் போய் நின்றன. தேங்காய்க் குவியலைப் பார்த்தாள். அதன் கண்கள் மூன்றும் தன்னையே பார்ப்பது போலிருந்தது.

"பயப்படாதீங்கோ அம்மிணிகளா" என்றார் மாரிசாமி தேனாக. "அம்மன்கிட்ட ஒளிவு மறைவு என்னத்துக்கு? யாரு மொதல்ல?"

கெம்பம்மா முன்னால் போனாள். ஒரு காயை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தாள். தண்ணீர் மாரிசாமியின் பூட்ஸ்வரை தெறித்தது.

"அட, கெம்பம்மாவா! எத்தன மாசம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"பொறகு என்னத்துக்கு ஒடச்ச?"

"போன தீபாவளிக்கு மின்னாடி கற்பூரம் அணைச்சப்போ இருந்துது. அப்புறம் ஒரு நாளு தொட்டிகிட்டயே கலைஞ்சு போச்சு. லீவு கேட்டா ஏன்னு கேப்பீங்களே? சாயந்திரம் மணி அடிக்கிற வரைக்கும் ஒக்காந்து இழை எடுத்துட்டுதான் போனேன்." அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "சத்தியம் பொய்தானே சார்? அதான் ஒரு காய்."

மாரிசாமி குனிந்து பூட்ஸில் தெறித்த தண்ணீரைத் துடைத்தார். அந்த நாள் முனிலட்சுமிக்கு ஞாபகம் இருந்தது. கெம்பம்மா அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பல்வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தவள் வெள்ளையம்மா. தலை முழுக்க நரைத்தவள்.

"உனக்கென்னத்துக்கு காயி?" என்றார் மாரிசாமி பதறிப்போய்.

"என் மருமவளுக்கு இல்லேன்னு நானும்தானே கூட நின்னு சத்தியம் பண்ணேன்? அவ பெத்துட்டு மஞ்சக் காமாலைன்னு லீவு சொன்னா. அதுக்கும் நான்தான் சாட்சி. ரெண்டு காய் குடுங்க."

அதற்கப்புறம் வரிசை தானாக நகர ஆரம்பித்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பொய் இருந்தது. சிலது பெரிசு, சிலது சின்னது. கல்யாணமாகாத பெண் ஒருத்தி, தோழிக்குத் துணையாக ஒரு காய் கேட்டாள். பத்துக் காய் தீர்ந்துபோய் இன்னொரு கூடைக்கு ஆள் ஓடியது. யார் கர்ப்பிணி, யார் கர்ப்பிணி இல்லை என்பது மாரிசாமிக்குக் காலையில் தெரிந்திருந்ததைவிட இப்போது இன்னும் குறைவாகத் தெரிந்தது.

முனிலட்சுமியின் முறை வந்தது. காயை வாங்கினாள். அது கை நழுவித் தரையில் உருண்டு ஓடியது. எடுக்கக் குனிந்தாள். முடியவில்லை. பாதி குனிந்த நிலையில் வயிறு தடுத்தது. நிமிர்ந்து, மறுபடி முயன்றாள். எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. குனிய முடியாத பெண்ணைப் பார்த்து எதற்குச் சத்தியம் வேண்டும்? மாரிசாமியின் கண் அகலமாவதை அவள் பார்த்தாள்.

உருண்ட காயை ஒரு கை எடுத்தது. வெள்ளைக் கதர்ச் சேலை, தோளில் ஜோல்னாப் பை, செருப்பெல்லாம் புழுதி. முன்பின் பார்க்காத அம்மாள். பட்டுக்கூடு ஏற்றிய வண்டிகள் வரும் பின்வாசல் வழியாக அவள் எப்போது உள்ளே வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. காயை முனிலட்சுமியிடம் நீட்டினாள்.

"எத்தனை மாசம்மா?"

முனிலட்சுமி காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க யாருங்க?" என்றார் மாரிசாமி.

"ஃபாக்டரி இன்ஸ்பெக்டர். தளி பஸ்ல வந்தேன். முன்வாசல்ல ஏதோ கல்யாணம் போலிருக்கு, அதான் இந்தப் பக்கமா வந்தேன்." அவள் சிதறிக் கிடந்த தேங்காய் ஓடுகளைப் பார்த்தாள். "இங்க என்ன விசேஷம்?"

மாரிசாமி யோசித்து ஒரு பதில் கண்டுபிடிப்பதற்குள் பூசாரி முந்திக்கொண்டார். சாமி காரியத்தைப் படித்தவர்களுக்கு விளக்கும் வாய்ப்பு அவருக்கு அடிக்கடி வருவதில்லை. "எல்லாம் நம்ம மேனேஜரய்யா ஏற்பாடுதாம்மா. மாசாமாசம் வயித்துல புள்ள இல்லேன்னு இவங்க சத்தியம் பண்ணாத்தான் சம்பளம். அதுல பொய் சொன்னவங்களுக்கு இன்னிக்கி பரிகாரம். கம்பெனியே காய் வாங்கிக் குடுக்குது!" என்றார் பெருமையாக.

இன்ஸ்பெக்டரம்மா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"எல்லாருமா?" என்றாள்.

"எல்லாரும்தாங்க" என்றாள் கெம்பம்மா.

இன்ஸ்பெக்டரம்மா மறுபடி முனிலட்சுமியிடம் திரும்பினாள். "பயப்படாதம்மா. சொல்லு."

பயப்படாதே என்று சொன்னவர்கள் அந்த வாரத்தில் அதிகம். சாயந்திரம் பஸ்ஸில் இந்த அம்மாள் போய்விடுவாள். மாரிசாமி இங்கேயே இருப்பார். முனிலட்சுமி அம்மனைப் பார்த்தாள், கெம்பம்மாவைப் பார்த்தாள். கெம்பம்மா கண்ணால்கூட ஒன்றும் சொல்லவில்லை. முனிலட்சுமி காயைக் கல்லில் அடித்தாள். விரிசல்தான் விட்டது. இன்னொரு தடவை அடித்தாள். அது பிளந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏழு நடக்குதுங்க."

அதற்குள் முன்வாசலிலிருந்து யாரோ சொல்லி நாராயணப்பன் ஓடிவந்தார். பின்னால் போட்டோக்காரன், அவன் பின்னால் தவில். நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். தொழிற் சிற்பி என்றால் சும்மாவா? இன்ஸ்பெக்டரம்மாவுக்காக வைத்திருந்த மாலையை முனிலட்சுமியின் கழுத்தில் போட்டார். "இதோ! எங்க மில்லோட மொத தாய்!" என்றார். பெட்ரோமாக்ஸ் போல ஒரு வெளிச்சம் அடித்தது. அந்தப் போட்டோவில் முனிலட்சுமி, தூக்குமேடைக்குக் கொண்டுபோகிறவளைப் போல நிற்கிறாள்.

இன்ஸ்பெக்டரம்மா மேடை ஏறவில்லை. தொட்டி தொட்டியாகப் போய் உட்கார்ந்து பேசினாள். போகும்போது முதலாளியிடம், சத்தியம் இன்றோடு நிற்க வேண்டும், சரசம்மாவுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டும், இந்தப் பெண்ணை யாராவது வேலையிலிருந்து எடுத்தால் கோர்ட்டில் பார்க்கலாம் என்றாள். முதலாளி ஒவ்வொன்றுக்கும் கைகூப்பினார்.

பஸ் போன பிறகு முனிலட்சுமி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பூட்ஸ் சத்தம் வந்தது. பின்னால் நின்றது. அவள் பழக்கத்தில் மூச்சை உள்ளிழுத்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காருங்கம்மா" என்று சொல்லி மாரிசாமி முதுகு வைத்த ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்.

அவர் இதுவரை தனி ஒருத்தியிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

லீவு கிடைத்தது; சம்பளமும் கிடைத்தது. ஆனி மாசம் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை ஆணா பெண்ணா என்று மற்றவர்கள் பார்க்கும்போது முனிலட்சுமி அதன் உள்ளங்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். சிவப்பாக, மெத்தென்று இருந்தன. அப்போதுதான் அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் பெண்ணாய்ப் போயிற்றே என்று அழுகிறாள் என நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

லீவு முடிந்து, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு அவள் மில்லுக்குப் புறப்பட்டாள். வழி நெடுகப் பால் கட்டி நெஞ்சு வலித்தது. வேலை இருக்குமா இருக்காதா என்ற ஒரே கேள்வி கூடவே நடந்து வந்தது.

கேட்டுக்கு முன்னால் புதுசாக வேலை கேட்டு வந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். வாட்ச்மேன் முனிவேல் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீ உள்ள போ. ஒனக்கு ஒரு தடையும் கெடையாது" என்றான் முனிலட்சுமியிடம். "ஒன்ன யாரும் தொட முடியாதுன்னு மொதலாளியே சொல்லிட்டாரு."

"இவங்கள எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கற?"

"புது ரூலு. கல்யாணம் ஆவாத பொண்ணுங்களத்தான் எடுக்கணும். ஆனப்புறம் அவங்களே நின்னுக்கணும். வக்கீல் பாத்து எழுதிக் குடுத்திருக்காரு. கற்பூரம் கிற்பூரம் ஒண்ணும் இல்ல. எல்லாம் சட்டப்படி." அவன் குரலைத் தாழ்த்தினான். "தாலியைக் கழட்டி வெச்சிட்டு வர்றாளுங்கக்கா. எப்படித்தான் கண்டுபிடிக்கறது சொல்லு?"

முனிலட்சுமி வரிசையைப் பார்த்தாள். மூன்றாவதாகக் காவேரி நின்றாள். அவள் ஊர்க்காரி. வைகாசியில்தான் காவேரிக்குக் கல்யாணம். நிறைமாசத்தோடு பந்தியில் உட்கார்ந்து முனிலட்சுமி இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தாள். இன்றைக்குக் காவேரியின் கழுத்து மொட்டையாக இருந்தது. மஞ்சள் கயிறு கிடந்த இடத்தில் தோல் இன்னும் மஞ்சள் மாறாமலிருந்தது. காவேரி அவளைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்தது. கண் மட்டும் கெஞ்சியது.

"இந்தப் பொண்ணு உங்க ஊர்தானேக்கா?" என்று முனிவேல் காவேரியைக் காட்டினான். "நீ மெய்யச் சொல்றவன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

இவளுக்காகத் தான் சொல்லப்போகும் பொய் நாளைக்குத் தெரியவந்தால் தன் தொட்டி போகும். சொல்லாவிட்டால் இவள் இன்றைக்கே திரும்பிப் போவாள், ஜல்லிக்கு. நெஞ்சிலிருந்து பால் கசிந்து ரவிக்கையை நனைத்தது.

"இல்ல" என்றாள்.

"நெசமாவா?"

"அடுத்த தெருதான் எங்க வீடு. கல்யாணம் ஆயிருந்தா எனக்குத் தெரியாதா?"

முனிவேல் கேட்டை ஒருக்களித்துத் திறந்தான். காவேரி உள்ளே வந்தாள். வந்ததும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். மூடினால் சந்தேகப்படுவார்களோ என்று சட்டென்று விலக்கினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், முனிலட்சுமியின் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தாள்.